சந்தையா, திட்டமா, சிபாரிசா? ஸ்பானியத் திரையும் பொருளாதாரமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்பானியப் படங்களைப் பற்றி எழுதத் தொடங்கியதிலிருந்து இரண்டு வகை வாசகர்கள் கேள்வி அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு வகையினர் மார்க்ஸையோ, சந்தையை ஆதரித்த பொருளியலாளர் ஹாயெக்கையோ படித்துவிட்டு, அதற்குச் சான்று தேடிப் படங்களுக்கு வருகிறவர்கள். இன்னொரு வகையினர் 'மணி ஹைஸ்ட்' தொடரைப் பார்த்துவிட்டு, அதில் கொள்ளைக்குத் திட்டம் போடும் 'பேராசிரியர்' பணத்தைப் பற்றிச் சொல்வது சரியா என்று கேட்கிறவர்கள். இரு சாராருக்கும் சேர்த்தே இந்தப் பதில்கள்.

படம் பார்த்துப் பொருளாதாரம் கற்க முடியுமா?

சூத்திரங்களைக் கற்க முடியாது. ஆனால் பொருளாதாரத்தின் அடிப்படைக் கேள்வி ஒன்று உண்டு: இருப்பது கொஞ்சம், கேட்பவர் பலர், யாருக்கு எது போய்ச் சேர வேண்டும் என்பதை எது தீர்மானிக்கிறது? விலை தீர்மானிக்கட்டும் என்பது சந்தைச் சிந்தனை. சமூகம் கூடித் திட்டமிட்டுத் தீர்மானிக்கட்டும் என்பது சோசலிசச் சிந்தனை. ஸ்பானிய சினிமா, குறிப்பாக 1950களிலும் 60களிலும் வந்த படங்கள், மூன்றாவதாக ஒன்றை நம் கண்முன் நிறுத்துகின்றன. அது சிபாரிசு. யாரைத் தெரியும், யாருடைய கடிதம் கையில் இருக்கிறது, எந்த அலுவலகத்தில் யார் நமக்கு வேண்டியவர் என்பதே அங்கே பங்கீட்டு முறை. விலைக்கும் திட்டத்துக்கும் இடையே மட்டும் விவாதத்தை நடத்துகிறவர்கள் இந்த மூன்றாவதைக் கவனிக்கத் தவறுகிறார்கள். இந்தப் பக்கத்தில் நான் மீண்டும் மீண்டும் அதற்கே வருவேன்.

பிராங்கோவின் ஸ்பெயின் முதலாளித்துவ நாடா, சோசலிச நாடா?

உள்நாட்டுப் போரில் வென்று 1975 வரை ஸ்பெயினை ஆண்ட சர்வாதிகாரி பிரான்சிஸ்கோ பிராங்கோ. கம்யூனிசத்தைப் பரம எதிரியாகக் கருதிய ஆட்சி அது. அதனால் அது சந்தைப் பொருளாதார நாடாகத்தான் இருந்திருக்கும் என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். முதல் இருபது ஆண்டுகளுக்கு அப்படி இல்லை. உள்நாட்டுப் போர் 1939-இல் முடிந்ததும் தன்னிறைவுக் கொள்கை வந்தது. எதையும் இறக்குமதி செய்ய உரிமம் வேண்டும், ஆலை தொடங்க அனுமதி வேண்டும், கோதுமையை அரசு நிர்ணயித்த விலைக்கே விற்க வேண்டும். 1941-இல் தேசியத் தொழில் நிறுவனம் என்ற பெயரில் பெரிய அரசுத் தொழில் குழுமம் உருவானது. முதலாளிகளும் தொழிலாளிகளும் ஒரே அரசுச் சங்கத்தில் அடைக்கப்பட்டார்கள், வேலைநிறுத்தம் குற்றமாக்கப்பட்டது. ரேஷன் அட்டை 1952 வரை நீடித்தது. ரொட்டி, எண்ணெய், மருந்து எல்லாவற்றுக்கும் கள்ளச்சந்தை இருந்தது. அதில் செழித்தவர்கள் பெரும்பாலும் ஆட்சிக்கு நெருக்கமானவர்கள்.

1959-இல் அந்நியச் செலாவணி ஏறக்குறைய வற்றிப்போனது. வர்த்தக அமைச்சர் அல்பெர்தோ உல்யாஸ்த்ரெஸ், நிதி அமைச்சர் மரியானோ நவாரோ ரூபியோ, ஸ்பெயின் வங்கியின் பொருளியலாளர் ஜோன் சார்தா ஆகியோர் முன்னின்று நிலைப்படுத்தும் திட்டத்தைக் கொண்டுவந்தார்கள். ஸ்பானிய நாணயமான பெசேத்தாவின் மதிப்பு டாலருக்கு 60 என்று குறைக்கப்பட்டது. இறக்குமதி ஓரளவு திறந்துவிடப்பட்டது. அந்நிய முதலீடு அனுமதிக்கப்பட்டது. முதல் ஆண்டில் வேலையின்மையும் வருமான இழப்பும் கடுமையாக இருந்தன. அதன்பின் வந்த வளர்ச்சி, ஐரோப்பாவிலேயே மிக வேகமானவற்றுள் ஒன்று. அந்த வளர்ச்சிக்குத் தோள் கொடுத்தவர்களில், ஜெர்மனிக்கும் பிரான்சுக்கும் சுவிட்சர்லாந்துக்கும் வேலை தேடிப் போய்ப் பணம் அனுப்பிய பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்பானியர்களும் உண்டு. அவர்களைச் சொல்லாமல் 'ஸ்பானிய அதிசயம்' என்று மட்டும் பேசுவது நேர்மையாகாது.

சோசலிசக் கணக்கீட்டு விவாதம் என்கிறார்களே, அது என்ன?

1920-இல் ஆஸ்திரியப் பொருளியலாளர் லுட்விக் வான் மீசஸ் ஒரு வாதத்தை முன்வைத்தார். உற்பத்திச் சாதனங்கள் எல்லாம் பொதுவுடைமையானால் அவற்றுக்குச் சந்தை விலை இருக்காது. விலை இல்லாவிட்டால், ஒரு டன் இரும்பைத் தண்டவாளமாக்குவதா டிராக்டராக்குவதா என்று ஒப்பிட்டுக் கணக்கிட வழியில்லை. போலந்தைச் சேர்ந்த ஓஸ்கர் லாங்கே 1930களில் இதற்குப் பதில் சொன்னார்: திட்டக்குழுவே விலைகளை அறிவிக்கலாம், பற்றாக்குறை தெரிந்தால் ஏற்றலாம், தேங்கினால் இறக்கலாம். ஹாயெக் 1945-இல் இன்னொரு படி போனார். தேவையான தகவல் கோடிக்கணக்கான மனிதர்களிடம் சிதறிக் கிடக்கிறது. எந்த மையமும் அதைத் திரட்ட முடியாது. விலைதான் அதைச் சுருக்கமாகக் கடத்துகிறது என்றார். இந்த மூவரின் வாதங்களையும் மனத்தில் வைத்துக்கொண்டால், கீழே வரும் படங்கள் வேறு மாதிரி தெரியும்.

இடதுசாரிகள் எப்போதாவது ஸ்பெயினில் படத்துறையை நடத்தியிருக்கிறார்களா?

நடத்தினார்கள். 1936 ஜூலையில் குடியரசு அரசுக்கு எதிரான ராணுவக் கிளர்ச்சி பார்சலோனாவில் முறியடிக்கப்பட்டதும், அனார்க்கிஸ்டுகளின் (அரசு என்ற அமைப்பே வேண்டாம் என்பவர்களின்) தொழிற்சங்கமான செ.என்.டி. நகரின் திரையரங்குகளையும் படப்பிடிப்புத் தளங்களையும் கூட்டுடைமையாக்கியது. டிக்கெட் கிழிப்பவர் முதல் புரொஜெக்டர் ஓட்டுபவர் வரை ஒரே சங்கத்தின் கீழ் வந்தார்கள். செய்திப்படங்கள் மட்டுமன்றிக் கதைப்படங்களும் எடுக்கப்பட்டன. அந்தோனியோ சாவ் இயக்கிய 'அவுரோரா தே எஸ்பெரான்சா' (நம்பிக்கையின் விடியல், 1937) வேலை இழந்த ஒரு தொழிலாளியின் கதை. அவன் பட்டினி ஊர்வலத்துக்குத் தலைமை ஏற்கிறான்.

இதில் என்னை ஈர்ப்பது அவர்கள் சந்தித்த நடைமுறைச் சிக்கல். அரங்குகளை நடத்தக் காசு வேண்டும். மக்கள் விரும்பி வந்ததோ ஹாலிவுட் படங்களுக்கு. எனவே கூட்டுடைமை அரங்குகள் அமெரிக்கப் படங்களைத் தொடர்ந்து திரையிட்டன. பார்வையாளர் எதைப் பார்க்க வேண்டும் என்பதற்கும் எதைப் பார்க்க விரும்புகிறார் என்பதற்கும் இடையிலான இழுபறி, உடைமை மாறியதும் மறைந்துவிடவில்லை. இதை அவர்கள் தோல்வி என்று எள்ளி நகையாடுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. போருக்கு நடுவே, கச்சாப் பிலிமுக்கே தட்டுப்பாடு இருந்த நேரத்தில், தொழிலாளர்களே ஒரு படத்துறையை இயக்கிக் காட்டினார்கள். 1937 மே மாதம், பிராங்கோவை எதிர்த்துப் போரிட்ட குடியரசுத் தரப்புக்குள்ளேயே வெடித்த மோதல்களுக்குப் பிறகு அனார்க்கிஸ்டுகளின் பிடி தளர்ந்தது. 1939-இல் பிராங்கோ வென்றதும் எல்லாம் முடிந்தது.

பிராங்கோ காலத்தில் தணிக்கையைத் தவிர வேறு எப்படி சினிமா கட்டுப்படுத்தப்பட்டது?

கத்தரியைவிடக் கூர்மையான கருவி உரிமம். 1941-இல் வெளிநாட்டுப் படங்கள் அனைத்தும் ஸ்பானிய மொழிக்கு டப்பிங் செய்யப்பட வேண்டும் என்று ஆணை வந்தது. வெளிநாட்டுப் படத்தை இறக்குமதி செய்யும் உரிமம் யாருக்குக் கிடைக்கும்? ஸ்பானியப் படம் தயாரிப்பவருக்கு. எத்தனை உரிமம்? அவர் எடுத்த படத்துக்கு அரசுக் குழு எந்தத் தரம் வழங்குகிறதோ அதைப் பொறுத்து.

விளைவை யூகித்துவிடலாம். பணம் ஹாலிவுட் படத்தில் இருந்தது. ஸ்பானியப் படம் அந்தப் பணத்தை அடையும் சீட்டாக மாறியது. உரிமத்தை வாங்குவதற்காகவே படங்கள் எடுக்கப்பட்டன. உரிமங்கள் கைமாறி விற்கப்பட்டன. இப்படி எடுக்கப்பட்ட படத்துக்குப் பார்வையாளர் என்று ஒருவர் தேவையே இல்லை. குழுவில் உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்குப் பிடித்தால் போதும். சந்தை ஆதரவாளர்கள் 'அரசுத் தலையீடு' என்று பொதுவாகச் சொல்வதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை நான் கண்டதில்லை. ஆனால் இதைச் செய்தது சோசலிச அரசு அன்று என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1951-இல் இந்த முறை வெளிப்படையாகவே மோதலில் முடிந்தது. நாட்டுப்புறக் குடும்பம் ஒன்று மாட்ரிடுக்கு வந்து கள்ளச்சந்தையில் சீரழிவதைக் காட்டிய 'சுர்கோஸ்' (உழவுச்சால்கள்) படத்துக்கு உயர்ந்த தரம் வழங்கி, கொலம்பஸின் பெருமை பாடிய ஓர் அரசுச் சார்புப் படத்துக்கு அதை மறுத்தார் அரசின் திரைத்துறைத் தலைமை அதிகாரி ஹோசே மரியா கார்சியா எஸ்குதேரோ. அவர் பதவி விலக நேர்ந்தது.

'வருக மார்ஷல்' படம் அமெரிக்காவைக் கிண்டல் செய்கிறதா, ஸ்பெயினையா?

இரண்டையும். ஆனால் கூடுதலாக ஸ்பெயினையே. லூயிஸ் கார்சியா பெர்லாங்கா 1953-இல் எடுத்த இந்தப் படத்தின் பின்னணி எளிது. போருக்குப் பிந்தைய ஐரோப்பாவுக்கு அமெரிக்கா வழங்கிய மார்ஷல் உதவியில் பிராங்கோவின் ஸ்பெயினுக்கு இடமில்லை. படத்தில் வரும் வில்யார் தெல் ரியோ என்ற கற்பனைக் கிராமத்துக்கு அமெரிக்கத் தூதுக்குழு வரப்போகிறது என்று தகவல் வருகிறது. நடு ஸ்பெயினின் காஸ்தீல் பகுதியைச் சேர்ந்த அந்த ஊர் மக்கள், அமெரிக்கர்களுக்குப் பிடிக்கும் என்று நினைத்து, தெற்கே உள்ள அந்தலூசியாவின் உடை தைத்து, அட்டையில் அந்தலூசிய வீதிகள் கட்டி, வரவேற்புப் பாட்டும் பயிற்சி செய்கிறார்கள். ஊரார் சதுக்கத்தில் வரிசையில் நின்று, ஆளுக்கு ஒரு பொருள் வீதம் என்ன வேண்டும் என்று பதிவு செய்கிறார்கள்.

அந்த வரிசைக் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். பணம் கையில் இருந்து வாங்குவதானால் ஒருவர் எதையேனும் விட்டுக்கொடுத்து எதையேனும் தேர்ந்தெடுப்பார். இங்கே எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை, கேட்டால் போதும். அப்போது மனிதன் கேட்பது தேவையையா, கனவையா? அடுத்து வரும் கனவுக் காட்சிகளில் ஏழை உழவன் ஒருவன் விமானத்திலிருந்து பாராசூட்டில் இறங்கும் டிராக்டரைக் காண்கிறான். சோவியத் படங்களின் டிராக்டர் பெருமிதத்தையும் அமெரிக்க உதவியின் வாக்குறுதியையும் ஒரே காட்சியில் வைத்த துணிச்சல் அது.

கடைசியில் கார்கள் நிற்காமல் புழுதி கிளப்பிப் போய்விடுகின்றன. அலங்காரத்துக்கான செலவை ஊரே பங்கிட்டுக் கொடுக்கிறது. ஒருவர் உருளைக்கிழங்கு கொடுக்கிறார். அமெரிக்கர்களை வெறுத்த பழைய பிரபு தன் வாளையே கொடுக்கிறார். இலவசத்துக்கும் பில் உண்டு என்று சந்தைவாதி இதை வாசிக்கலாம். சுமையைக் கூட்டாகப் பகிர்ந்தார்கள் என்று சோசலிஸ்டு வாசிக்கலாம். கதை எழுதியவர்களில் பெர்லாங்காவோடு கம்யூனிஸ்டான ஹுவான் அந்தோனியோ பர்தெமும், வலதுசாரி நகைச்சுவை நாடகாசிரியர் மிகெல் மிஹூராவும் இருந்ததால் இரு வாசிப்புக்கும் படத்துக்குள்ளேயே இடம் இருக்கிறது. படம் வெளிவந்த அதே ஆண்டு செப்டம்பரில் ஸ்பெயின், ராணுவத் தளங்களுக்கு இடம் கொடுத்து, பதிலுக்கு அமெரிக்க உதவியைப் பெறும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது.

ஸ்பானியப் படங்களில் ஏன் எப்போதும் வீட்டுப் பிரச்சினை?

ஏனென்றால் அந்த நாட்டின் இருபதாம் நூற்றாண்டுப் பொருளாதார வரலாறு வீட்டுக்குள்தான் அடங்கியிருக்கிறது. இந்தக் கேள்விக்கு நீளமாகவே பதில் சொல்லப் போகிறேன்.

1920-இல் ஓர் ஆணை, வாடகையை உயர்த்துவதற்குக் கட்டுப்பாடு விதித்து, குத்தகையைக் கட்டாயமாக நீட்டிக்கும் உரிமையைக் குடியிருப்பவருக்கு வழங்கியது. 1946 சட்டமும் 1964 சட்டமும் அந்த உரிமையைத் தொடர்ந்தன. குடியிருப்பவர் இறந்தால் கணவனோ மனைவியோ பிள்ளையோ அதே வாடகைக்கு வீட்டைத் தொடரலாம். உள்ளே இருப்பவருக்கு இது பெரும் பாதுகாப்பு. வெளியே இருப்பவருக்கு? வீட்டுக்காரர்கள் வாடகைக்கு விடுவதை நிறுத்தினார்கள், பழுதுபார்ப்பதையும் நிறுத்தினார்கள். கிராமங்களிலிருந்து மாட்ரிடுக்கு வந்து குவிந்தவர்களுக்கு வீடு கிடைக்கவில்லை.

இத்தாலியரான மார்க்கோ ஃபெரேரி, ரஃபாயெல் அஸ்கோனாவின் எழுத்தில் எடுத்த 'எல் பிசித்தோ' (குட்டி ஃபிளாட், 1958) இந்தச் சட்டத்திலிருந்து பிறந்த கதை. ரொதோல்ஃபோவுக்கும் பெத்ரித்தாவுக்கும் பல ஆண்டுகளாகக் காதல். திருமணம் செய்துகொள்ள வீடில்லை. ரொதோல்ஃபோ உள்வாடகைக்கு இருக்கும் வீட்டின் குத்தகை ஒரு வயதான பெண்மணியின் பெயரில் இருக்கிறது. அவர் இறந்தால் வீடு போய்விடும். வழி ஒன்றுதான்: ரொதோல்ஃபோ அந்த மூதாட்டியை மணந்துகொண்டு, கணவன் என்ற முறையில் குத்தகையைப் பெற வேண்டும். இந்த யோசனையைக் காதலியே வற்புறுத்துகிறாள். பிறகு எல்லாரும் ஒரு மரணத்துக்காகக் காத்திருக்கிறார்கள். மூதாட்டியோ கவனிப்புக் கிடைத்ததும் தேறுகிறார்.

விலையை உறையவைத்தால் பற்றாக்குறை வரும் என்று எந்தப் பாடநூலும் சொல்லும். பற்றாக்குறை மனித உறவுக்குள் புகுந்து என்ன செய்யும் என்பதை இந்தப் படம்தான் எனக்குச் சொன்னது. சந்தை வாடகையாக இருந்திருந்தால் அந்த இருவருக்கும் வீடு கிடைத்திருக்குமா? அதுவும் உறுதியில்லை, அவர்கள் சம்பளம் அவ்வளவு குறைவு. குறைந்த சம்பளமும் உறைந்த வாடகையும் ஒன்றையொன்று தாங்கி நின்றன.

அடுத்தது பெர்லாங்காவும் அஸ்கோனாவும் சேர்ந்து உருவாக்கிய 'எல் வெர்துகோ' (மரண தண்டனை நிறைவேற்றுபவர், 1963). இங்கே அரசு கட்டிக் கொடுக்கும் வீடு. சவ அடக்க நிறுவனத்தில் வேலை செய்யும் ஹோசே லூயிஸுக்கு ஜெர்மனி போய் மெக்கானிக் ஆக ஆசை. தண்டனை நிறைவேற்றும் அரசு ஊழியரான முதியவர் அமதேயோவின் மகளை மணக்கிறான். மாமனாருக்கு அரசு ஊழியர் என்பதால் புது ஃபிளாட் ஒதுக்கப்பட்டிருக்கிறது; ஆனால் அவர் ஓய்வு பெறப் போகிறார். வீடு நிலைக்க வேண்டுமானால் மருமகன் அந்த வேலைக்கு மனுப் போட வேண்டும். வேலை கிடைக்கப் புத்தகக் கண்காட்சியில் ஓர் அறிஞரைப் பிடித்துச் சிபாரிசு வாங்குகிறார்கள். யாரையும் கொல்ல வேண்டியிராது, மன்னிப்பு வந்துவிடும் என்று மாமனார் தேற்றுகிறார். பிறகு மயோர்க்கா தீவிலிருந்து அழைப்பு வருகிறது.

மயோர்க்காவைத் தேர்ந்தெடுத்தது தற்செயலானதன்று. 1959-க்குப் பின் ஸ்பெயினுக்கு அந்நியச் செலாவணி கொண்டுவந்தது சுற்றுலா. 1960-இல் சுமார் 60 லட்சம் பயணிகள், 1973-இல் 3.4 கோடி. அந்த வெயில் தீவில், உல்லாசப் பயணிகளுக்கு நடுவே, ஒருவனை அரசாங்க வேலைக்கு இழுத்துச் செல்கிறார்கள். வெறுமையான ஒரு பெரிய வெள்ளை முற்றத்தை இரண்டு சிறு கும்பல்கள் நடந்து கடக்கின்றன. முன்னால் தண்டனை பெற்றவர். பின்னால் கால்கள் துவள, தாங்கிப் பிடித்து இழுத்துச் செல்லப்படும் ஹோசே லூயிஸ். யாருக்குத் தண்டனை என்று ஒரு கணம் புரியாது. திறந்துவிடப்பட்ட பொருளாதாரமும் மூடிய அரசும் ஒரே நாட்டில் சேர்ந்து வாழ முடியும் என்பதற்கு அந்த ஒரு காட்சி போதும். படம் வெனிஸ் விழாவுக்குப் போனபோது ரோமில் இருந்த ஸ்பானியத் தூதர் அதைக் கண்டித்துக் கடிதம் எழுதினார். அதே ஆண்டு ஆகஸ்டில்தான் இரண்டு அனார்க்கிஸ்டுகள் மாட்ரிடில் கழுத்து நெரிக்கும் கருவியால் கொல்லப்பட்டிருந்தார்கள்.

பாட்டாளிகளின் நாடாக இல்லாமல் வீட்டு உரிமையாளர்களின் நாடாக ஸ்பெயினை ஆக்குவோம் என்பது அக்காலத்து வீட்டுவசதி அமைச்சர் ஹோசே லூயிஸ் அரேசேயின் முழக்கம். அது பலித்தது. 1950-இல் பாதிக்கும் மேற்பட்ட குடும்பங்கள் வாடகைக்கு இருந்தன. 2000களில் பத்தில் எட்டுக் குடும்பங்களுக்குச் சொந்த வீடு. கட்டாயக் குத்தகை நீட்டிப்பை 1985-இல் புதிய ஒப்பந்தங்களுக்கு நீக்கியவர் சோசலிச அரசின் அமைச்சர் மிகெல் போயெர். 2008-இல் வீட்டுக் குமிழி உடைந்தபோது, தவணை கட்ட முடியாதவர்கள் தெருவுக்கு வந்தார்கள். வெளியேற்றங்களைப் பற்றி ஒரு புதிய தலைமுறைப் படங்கள் வந்தன.

தவணைக் கடனைப் பற்றிய படம் எது?

'பிளாசிதோ' (1961). இதுவும் பெர்லாங்கா, அஸ்கோனா கூட்டணியே. கிறிஸ்துமஸ் முந்தைய நாள். நாயகன் பிளாசிதோ தன் மூன்று சக்கர மோட்டார் வண்டிக்கு முதல் தவணை கட்ட வேண்டிய நாளும் அதுவே. ஊரில் பணக்காரர்கள் ஆளுக்கொரு ஏழையை விருந்துக்கு அழைக்கும் தர்மக் கொண்டாட்டம் நடக்கிறது. அந்தக் கொண்டாட்டத்துக்கு வாடகைக்கு ஓடும் பிளாசிதோ, தன் பணத்தை வாங்கித் தவணையைக் கட்ட நாள் முழுக்க அலைகிறான். ஏழைக்குச் சோறு போட எல்லாரும் தயார். வேலை செய்தவனுக்குக் கூலி கொடுக்க ஒருவருக்கும் நேரமில்லை. தர்மத்துக்கும் கூலிக்கும் உள்ள வேறுபாட்டை இவ்வளவு கோபத்தோடு சொன்ன வேறு நகைச்சுவைப் படம் எனக்குத் தெரியாது.

'மணி ஹைஸ்ட்' பேராசிரியர் சொல்வது சரியா? பணம் அச்சடித்தால் யாருக்கும் நட்டமில்லையா?

2017-இல் ஆன்டெனா 3 தொலைக்காட்சியில் 'லா காசா தே பபெல்' என்ற பெயரில் தொடங்கிய தொடர் அது. பிறகு நெட்ஃபிளிக்ஸ் வழியே உலகெங்கும் போனது. கொள்ளையர்கள் மாட்ரிட் நாணயச்சாலைக்குள் புகுந்து தாங்களே நோட்டு அச்சடிக்கிறார்கள். ஐரோப்பிய மத்திய வங்கி நெருக்கடிக் காலத்தில் வங்கிகளுக்குப் பெருந்தொகை உருவாக்கிக் கொடுத்தபோது யாரும் அதைத் திருட்டு என்று சொல்லவில்லையே என்று பேராசிரியர் கேட்கிறார்.

வாதத்தில் ஓட்டை இருக்கிறது. மத்திய வங்கி அந்தப் பணத்தைப் பிணையம் வாங்கிக்கொண்டு கடனாகக் கொடுத்தது; திரும்ப வர வேண்டிய பணம் அது. கொள்ளையர் அச்சடித்தது திரும்பாது. யூரோ மண்டலத்தின் மொத்தப் பண அளவோடு ஒப்பிட்டால் அவர்கள் அச்சடித்தது மிகச் சிறிது, விலைவாசியில் யாருக்கும் தெரியாது. ஆனால் எல்லாரும் அச்சடித்தால் தெரியும்.

இதை முதலில் தெளிவாக எழுதியவர்களில் ஒருவர் ஸ்பானியர்தான். சலமன்கா பல்கலைக்கழகத்தில் பயிற்றுவித்த மார்த்தின் தெ அஸ்பில்குயெத்தா என்ற பாதிரியார் 1556-இல், பணம் அரிதாக இருக்கும் இடத்தில் அதன் மதிப்பு அதிகம், பெருகியிருக்கும் இடத்தில் குறைவு என்று எழுதினார். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வெள்ளி வந்து குவிய, ஸ்பெயினில் விலைகள் ஏறியதை அவர் கண்ணாரக் கண்டவர். 1609-இல் ஹுவான் தெ மரியானா என்ற இயேசு சபைத் துறவி, மன்னர் செப்பு நாணயத்தின் மதிப்பைக் குலைப்பது மக்கள் மீது அனுமதியின்றி விதிக்கும் வரி என்று எழுதிச் சிறைப்பட்டார். ஹாயெக்கின் மாணவி மார்ஜரி கிரைஸ்-ஹட்சின்சன் 1952-இல் இந்தச் சலமன்கா அறிஞர்களை உலகுக்கு நினைவூட்டினார்.

மரியானாவின் கேள்வி இதுதான்: புதுப் பணம் முதலில் யார் கைக்குப் போகிறது? மன்னர் கைக்கா, வங்கி கைக்கா, மக்கள் கைக்கா? பேராசிரியரின் கோபமும் அங்கேயே நிற்கிறது. அந்தக் கோபத்தை நான் மதிக்கிறேன். 2008-க்குப் பின் வங்கிகள் மீட்கப்பட்டு வீடுகள் பறிக்கப்பட்டதை நேரில் பார்த்த சமூகம், கொள்ளையர்களின் அந்தச் சிவப்பு உடையோடும் ஓவியர் சல்வதோர் டாலியின் முக முகமூடியோடும் தன்னை இனங்கண்டுகொண்டதில் வியப்பில்லை.

ஸ்பானியத் தொலைக்காட்சி அரசுடையதா, வணிகமா?

தொடக்கத்திலிருந்தே இரண்டும். 1956 அக்டோபர் 28 அன்று மாட்ரிடில் ஒளிபரப்புத் தொடங்கிய அரசுத் தொலைக்காட்சி, பிரிட்டனைப் போலப் பார்வையாளரிடம் உரிமக் கட்டணம் வாங்கி வளரவில்லை, விளம்பரத்தில் வளர்ந்தது. செய்தியில் ஆட்சியின் குரல்; இடைவேளையில் வாஷிங் மெஷின். டிவி வாங்க முடியாத கிராமங்களில் அரசே 1960களில் ஆயிரக்கணக்கான கூட்டுப் பார்வை மன்றங்களை அமைத்தது. ஒரு சர்வாதிகாரம் தன் குடிமக்களை நுகர்வோராகப் பழக்கியது இந்தக் கருவியால்தான்.

1972-இல் தொடங்கிய 'உன், தோஸ், த்ரெஸ்' (ஒன்று, இரண்டு, மூன்று) போட்டி நிகழ்ச்சி இதன் உச்சம். ஒவ்வொரு சரியான விடைக்கும் 25 பெசேத்தா. கடைசிச் சுற்றில் கார், அல்லது அலிகாந்தே கடற்கரையில் ஒரு ஃபிளாட், அல்லது ஒன்றுமில்லாத பூசணிக்காய். கையில் இருக்கும் பணத்தோடு விலகுவதா, மறைந்திருப்பதைத் தேர்வதா என்று குடும்பம் குடும்பமாக ஒரு நாடே தீர்மானித்துப் பழகியது.

தனியார் அலைவரிசைகளுக்குக் கதவைத் திறந்த 1988 சட்டம் ஃபெலிப்பே கொன்சாலெஸின் சோசலிச அரசு கொண்டுவந்தது. அரசுத் தொலைக்காட்சியில் விளம்பரத்தை 2010 முதல் நிறுத்தியதும் இன்னொரு சோசலிச அரசே.

'குவென்தமே' தொடர் வெறும் பழைய நினைவுதானா?

2001 முதல் 2023 வரை ஓடிய 'குவென்தமே கோமோ பாசோ' (எப்படி நடந்தது, சொல்லுங்கள்), 1968-இல் அல்கந்தாரா குடும்பம் தன் முதல் டிவியை வாங்குவதில் தொடங்குகிறது. தந்தைக்கு இரண்டு வேலை: காலையில் அமைச்சக ஊழியர், மாலையில் அச்சகம். தாயும் பாட்டியும் வீட்டிலேயே கால்சட்டை தைத்துக் கூலி வாங்குகிறார்கள். 'ஸ்பானிய அதிசயம்' என்பது தினம் பதினான்கு மணி நேர உழைப்பாலும் தவணைச் சீட்டாலும் ஆனது என்பதைத் தொடரின் முதல் பருவங்கள் நன்றாகக் காட்டுகின்றன. பிற்பகுதியில் அது நீர்த்துப்போனது என்பது என் கருத்து.

'லோஸ் லூனெஸ் அல் சோல்' சந்தைக்கு எதிரான படமா?

ஃபெர்னாந்தோ லெயோன் தெ அரனோவா 2002-இல் எடுத்த இந்தப் படம் (வெயிலில் திங்கட்கிழமைகள்) கப்பல் கட்டும் தளம் மூடப்பட்டு வேலை இழந்த நண்பர்களைப் பற்றியது. படப்பிடிப்பு விகோ துறைமுகத்தில் நடந்தது. பின்னணி 1980களில் தொடங்கிய தொழில் மறுசீரமைப்பு. கொரியத் தளங்களோடு போட்டியிட முடியாத, தன்னிறைவுக் காலத்தில் வீங்கிய எஃகு ஆலைகளையும் கப்பல் தளங்களையும் குறைக்க வேண்டும் என்று தீர்மானித்தது, 1979-இல் மார்க்சியத்தைத் தன் அடையாளத்திலிருந்து விலக்கியிருந்த சோசலிசக் கட்சி. 1985 வாக்கில் வேலையின்மை 20 சதவீதத்தைத் தாண்டியது.

படம் விலைக்கோ போட்டிக்கோ எதிராக வாதாடவில்லை. ஹாவியெர் பர்தெம் நடித்த சாந்தா, ஒரு குழந்தைக்கு எறும்பும் சில்வண்டும் கதை படிக்கும்போது பாதியில் பொறுமை இழக்கிறான். சிலர் ஏன் எறும்பாகவும் சிலர் ஏன் சில்வண்டாகவும் பிறக்கிறார்கள் என்று கதை சொல்லவில்லையே என்கிறான். சந்தையின் திறமையைப் பற்றிய எந்த வாதத்துக்கும் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக வேண்டிய கடமை இருக்கிறது. (ஹாவியெர், மேலே சொன்ன ஹுவான் அந்தோனியோ பர்தெமின் சகோதரி மகன்.) இதே இயக்குநரும் நடிகரும் 2021-இல் 'எல் புவென் பத்ரோன்' (நல்ல முதலாளி) எடுத்தார்கள். தராசுத் தொழிற்சாலை முதலாளி ஒருவர், தொழிலாளர்களைப் பிள்ளைகளே என்று அழைத்துக்கொண்டே அவர்கள் வாழ்வைக் கையாளும் கதை. அதில் சந்தையைவிடச் சிபாரிசும் உபகாரமும்தான் அதிகம் ஆள்கின்றன.

'எல் ஓயோ' முதலாளித்துவத்தின் உருவகம் என்கிறார்களே?

2019-இல் வந்த அந்தப் பாஸ்குப் படத்தில் (குழி), தளம் தளமாகக் கீழே நீளும் ஒரு சிறையில் மேலிருந்து இறங்கும் உணவு மேடை, ஒவ்வொரு தளத்திலும் சிறிது நேரம் நிற்கிறது. மேலே இருப்பவர் வயிறு முட்டத் தின்ன, கீழே இருப்பவருக்கு எலும்பும் இல்லை. பங்கிட்டு உண்போம் என்று நாயகன் சொன்னதும் அறைத்தோழர், நீ கம்யூனிஸ்டா என்று கேட்கிறார்.

உருவகம் வலிமையானது, ஆனால் சந்தையின் உருவகமன்று. அங்கே யாரும் எதையும் விளைவிக்கவில்லை, விலை இல்லை, பரிமாற்றம் இல்லை. மேலே ஒரு நிர்வாகம் சமைத்து அனுப்புகிறது. யார் எந்தத் தளம் என்பதை மாதந்தோறும் அதே நிர்வாகம் தீர்மானிக்கிறது. என் பார்வையில் அது 1940களின் ரேஷன் ஸ்பெயினுக்கே நெருக்கமானது: மையத்திலிருந்து பங்கீடு, வழியில் இருப்பவர் எடுத்துக்கொள்வது போக மிச்சம். சமத்துவம் பற்றிய படமாக அதை ஏற்கிறேன். முதலாளித்துவம் பற்றிய ஆய்வாக ஏற்க முடியவில்லை.

நல்ல ஸ்பானிய இயக்குநர்கள் எல்லாரும் இடதுசாரிகளா?

இல்லை. ஹுவான் அந்தோனியோ பர்தெம் கம்யூனிஸ்டு கட்சி உறுப்பினர், சிறை சென்றவர். ஆனால் 'சுர்கோஸ்' எடுத்த நியெவெஸ் கோந்தே, ஸ்பெயினின் பாசிச அமைப்பான ஃபலாங்கே இயக்கத்தவர். நகர முதலாளித்துவத்தின் மீதான அவருடைய வெறுப்பு வலது பக்கத்திலிருந்து வந்தது. பெர்லாங்கா இளமையில் ரஷ்யாவுக்கு எதிராகப் போரிட்ட ஸ்பானியப் படைப்பிரிவில் இருந்தவர். பின்னாளில் தன்னை அனார்க்கிஸ்டுப் போக்குடையவராகவே கருதினார்.

ஸ்பானிய சினிமா மானியத்தில்தான் வாழ்கிறதா?

மானியம் பிராங்கோ காலத்திலிருந்தே உண்டு. 1983-இல் இயக்குநர் பிலார் மீரோ, சோசலிச அரசின் திரைத்துறைப் பொறுப்பில் இருந்தபோது, படம் எடுப்பதற்கு முன்பே செலவில் பாதி வரை முன்பணம் தரும் முறையைக் கொண்டுவந்தார். படங்களின் எண்ணிக்கை குறைந்தது, தயாரிப்புத் தரம் உயர்ந்தது. யார் எடுப்பது என்பதைக் குழு தீர்மானிக்கும் பழைய நோய் மீண்டும் எட்டிப் பார்த்தது என்பதும் உண்மை. மானியம் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஹாலிவுட்டின் விநியோக பலத்துக்கு முன் ஏறக்குறைய ஐந்து கோடி மக்கள்தொகை கொண்ட நாட்டின் சினிமா தனியே நிற்பது கடினம். ஆனால் குழுவில் யார், எந்த அளவுகோல், முடிவு எங்கே வெளியிடப்படுகிறது என்பவற்றைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

எந்தப் படத்தில் தொடங்கலாம்?

ஒரே ஒரு படம்தான் பார்க்க நேரமிருந்தால் 'எல் வெர்துகோ'. இரண்டு என்றால் அதற்கு முன் 'எல் பிசித்தோ'. இரண்டையும் அடுத்தடுத்த நாட்களில் பாருங்கள், வாடகைச் சட்டமும் அரசு ஒதுக்கீடும் அருகருகே தெரியும். பிறகு 'வருக மார்ஷல்', 'பிளாசிதோ', 'லோஸ் லூனெஸ் அல் சோல்'. பெர்லாங்கா படங்களில் ஒரே நேரத்தில் பலர் பேசுவார்கள். சப்டைட்டில் பாதியைத்தான் பிடிக்கும். இரண்டாம் முறை பார்க்கும்போது ஓரத்தில் நிற்பவர்களைக் கவனியுங்கள். மனுவும் கையுமாக யாராவது ஒருவர் யாரையாவது தேடிக்கொண்டிருப்பார்.